முப்பது குஞ்சும் ஒரு நீலத் தார்ப்பாயும்

உப்பளத்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகியதும் அடுத்தபடியாகப் பழகிவிடுவது தார்ப்பாய் மூடுவது. வானத்திலிருந்து ஒரு துளி விழுந்தால் போதும், சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம். வாரிக் குவித்த உப்பு நனைந்தால் கரைந்துவிடும், கரைந்தது திரும்பி வராது. காற்றடிக்கிற பக்கத்து மூலையை முதலில் செருக வேண்டும். பிறகு எதிர் மூலை. பிறகு கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்து இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். விரல் நுழைகிற சந்துகூட இருக்கக் கூடாது. இதில் நான் கெட்டிக்காரி. கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே மடித்து விடுகிற என் முடிச்சைப் பார்த்துவிட்டு, இது என் பெண் போட்டது என்று அப்பா கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிக்கொள்வார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் பத்தாவது வயதில் அம்மாவின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

அம்மாவும் மரக்காணத்து உப்பளத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதத்தில் வெடிப்பு விழுந்து, வெடிப்பு புண்ணாகி, அந்தப் புண் ஆறுவேனா என்று அடம்பிடித்தது. அவளுக்குச் சர்க்கரையும் இருந்தது. ஆஸ்பத்திரியில், இனிமேல் உப்புத் தண்ணீரில் காலை வைத்தால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு அம்மா அழுததாக எனக்கு நினைவில்லை. திரும்பி வருகிற வழியிலேயே மீன்காரரிடம் ஒரு பழைய தெர்மாகோல் பெட்டியைக் கேட்டு வாங்கிவந்தாள். அதை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். கேட்டதற்கு, முட்டை பொரிக்கிற மிஷின் என்றாள். கடைசிவரை அந்த மிஷினில் வஞ்சிர மீன் வாசனை போகவே இல்லை.

முதல் ஈடு முட்டைகள் வெந்துபோயின. இரண்டாவது ஈடு, கரண்ட் போய்விட்டதால் குளிர்ந்துபோனது. அம்மா வானூருக்குப் பஸ் ஏறிப் போய், அங்கே மாட்டாஸ்பத்திரி டாக்டரைப் பிடித்துச் சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவது ஈட்டில் நாற்பத்துநாலு குஞ்சு பொரிந்தது. எல்லாம் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிக் குஞ்சுகள். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது, ஆனால் சத்தம் மட்டும் தெருமுனைவரை கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் சீர்காழிப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் எங்கள் தெருவுக்கு ஏதோ விசேஷத்துக்கு வந்திருந்தார். ரிட்டயர் ஆனவர், கோழி வளர்ப்பில் பைத்தியம். எங்கள் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, முப்பது குஞ்சு பஸ்ஸில் போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டார். நல்லபடியாக வந்துசேர்ந்தால் மாதாமாதம் வாங்கிக்கொள்வதாகவும், அவர் பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அதுவரை ஒரு தபால்கூட யாருக்கும் அனுப்பியிராத அம்மா, கண்ணைச் சிமிட்டாமல் முடியும் என்றாள்.

அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. "உப்புன்னா மூட்டையில கட்டிப் போட்டா அது பாட்டுக்குக் கிடக்கும். இது உசுரும்மா. பொறந்து ஒரு நாள்கூட ஆவல, அதப் போயி பஸ்ல ஏத்துறன்றியே" என்றார்.

அம்மா பதில் சொன்னாள். "ஒரு நாள் ஆனதுதான் சரி. முட்டைய விட்டு வெளில வரும்போதே மஞ்சக்கருவ வயித்துக்குள்ள இழுத்துக்கினு வருதாம். மூணு நாளைக்குத் தீனியும் வேணாம் தண்ணியும் வேணாம். டாக்டர் சொன்னாரு."

பிறக்கும்போதே வயிற்றில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிற பிராணியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அம்மாவுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. இந்த வியாபாரம் நிலைத்துவிட்டால் அவள் கால் பிழைக்கும். நிலைக்காவிட்டால், தையில் பாத்தி கட்டும்போது காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டாவது இறங்கியாக வேண்டும். இதை அவள் எங்களிடம் ஒளிக்கவில்லை. சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றினாள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. பழக்கடையில் வாங்கிய ஆப்பிள் அட்டைப்பெட்டியில் கம்பியைக் காய்ச்சி அம்மா சுற்றிலும் ஓட்டை போட்டாள். அடியில் உமி பரப்பினாள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடக் கூடாது என்று நடுவில் ஒரு அட்டையைத் தடுப்பாக வைத்து, பக்கத்துக்குப் பதினைந்தாக விட்டாள். மூடியில் டீச்சர் பெயரும் போன் நம்பரும் எழுதினேன். அப்பா டி.வி.எஸ். வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டார். பெட்டி அதிராமல் இருக்கக் கேரியரில் ஒரு நீலத் தார்ப்பாயை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்துக் கயிற்றால் கட்டினார். ஈ.சி.ஆர். ரோட்டில் எங்களையும், தார்ப்பாயும் கயிறுமாகப் பெட்டியையும் இறக்கிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். அந்த நிறுத்தத்தில் ஒரு போர்டு உண்டே தவிரக் கூரை கிடையாது.

பஸ் ஒரு மணிக்கு. பஸ் நம்பரை டீச்சருக்குச் சொல்ல வேண்டும், போனில் காசு இல்லை. ரீசார்ஜ் கார்டு வாங்கி வருகிறேன், பெட்டியை விட்டு நகராதே என்று சொல்லிவிட்டு அம்மா ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

அப்போது தூறல் விழுந்தது.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை யோசித்தது. தார்ப்பாயை உதறிப் பெட்டிமேல் போட்டேன். காற்றடிக்கிற மூலையை முதலில் செருகினேன், பிறகு எதிர் மூலை, பிறகு கயிறு. விரல் நுழையச் சந்து இல்லாமல் இறுக்கி, நுனியை உள்ளே மடித்து விட்டேன். உள்ளே குஞ்சுகளின் சத்தம் அடங்கியது. கதகதப்பாகத் தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டேன். பஸ் அன்றைக்குப் பார்த்து முன்னதாகவே வந்துவிட்டது. அம்மா என்னிடம் கொடுத்துவைத்திருந்த காசைக் கண்டக்டரிடம் கொடுத்தேன். அவர் பெட்டியைத் தூக்கிப் பின்னால் டிக்கியில் வைத்துக் கதவைச் சாத்தினார். அம்மா ரோட்டைத் தாண்டி ஓடிவருவதற்குள் பஸ் போய்விட்டது.

"ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

தார்ப்பாய் எங்கே என்று கேட்க அம்மாவுக்குத் தோன்றவில்லை, நானும் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை. அதில் ஒரு தந்திரம் இருந்தது. குஞ்சுகள் ஒரு துளி நனையாமல் போய்ச் சேர்ந்த செய்தி வந்ததும், அதற்குக் காரணம் யார் தெரியுமா என்று அப்பா முன்னால் எடுத்துவிடலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஆறரைக்கு டீச்சர் போன் செய்தார். அம்மா நின்றபடி கேட்டாள், பிறகு உட்கார்ந்து கேட்டாள். முப்பதுமா என்று ஒரு தடவை கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூச்சு முட்டுன மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் அடுப்படியில் இருந்தேன். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எடுத்துவிட வைத்திருந்த பெருமையை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

டீச்சர் நல்லவர்தான். இன்னொரு தடவை பார்ப்போம், அதோடு சரி என்று சொன்னாராம். அப்பா, விட்டுத்தொலை என்றார். அம்மா எழுந்துபோய் அடுத்த ஈடு முட்டைகளை எண்ணி மிஷினில் அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு, "எதனால செத்துதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, மிஷினைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எதனால் என்று தெரிந்த ஒரே ஆள் அவளுக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. அடிப்பாள் என்று பயமில்லை, அம்மா அடிக்கிறவள் அல்ல. சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்பதைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

அம்மா ஆராய்ச்சியில் இறங்கினாள். அடுத்த வீட்டு அக்காவின் கோழி அப்போதுதான் பதினோரு குஞ்சு பொரித்திருந்தது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார், அக்காவுக்குக் கோழிதான் பொழுதுபோக்கு. அம்மா அந்த அக்காவிடம் ஒரு நாளைக்குக் குஞ்சுகளை இரவல் கேட்டாள். உலகத்தில் கோழிக்குஞ்சை இரவல் கேட்ட முதல் ஆள் அம்மாவாகத்தான் இருக்கும். அக்கா, "அல்லாவே, தாய்க்கோழி என்னக் கொத்திப்புடுமே" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். அதேபோல ஒரு ஆப்பிள் பெட்டி, அதே உமி, அதே ஓட்டை. பெட்டியை என் மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் பாண்டிச்சேரி வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவந்தாள். வழியில் எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனையிலும் பஸ் எகிறியது. பக்கத்து சீட்டுக்காரர் உள்ளே என்ன என்று கேட்டதற்கு, பரிசோதனை என்று அம்மா சொன்னாள். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து திறந்தால் பதினொன்றும் துள்ளின. அப்படியென்றால் குலுக்கல் காரணமில்லை. பெட்டியை ஒரு மணிநேரம் வெயிலில் வைத்தாள். புரட்டாசி வெயில் சாமானியமா, இருந்தும் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கினவே தவிர ஒன்றும் சாகவில்லை. நிழலுக்குக் கொண்டுவந்ததும் பழையபடி சத்தம் போட ஆரம்பித்தன. வெயிலும் காரணமில்லை.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி வெயிலில் இருந்த ஒரு மணிநேரமும், ஒரே ஒரு குஞ்சாவது செத்துப்போகட்டும் சாமி என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்று செத்தால் பழி வெயில்மேல் போய்விடும், நான் தப்பித்துவிடுவேன். பதினொன்றும் உயிரோடு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்தது. அக்காவின் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷத்தில் அழுவதாக அம்மா நினைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினாள். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அடுத்த வாரம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல் ஆணியில் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கியது. அதன்மேல் கயிறு ஒன்று, முடிச்சு அவிழ்க்காமல், வளையமாகக் கிடந்தது. அப்பா அளத்திலிருந்து கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன். உப்பளத்து வீட்டில் நீலத் தார்ப்பாய்க்கா பஞ்சம். புத்தகப் பையை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். அன்றிலிருந்து அம்மா ஆராய்ச்சியை நிறுத்திவிட்டாள். காரணம் எதுவாக இருக்கும் என்று அப்பா ஒரு தடவை கேட்டபோது, "அதான் பாத்துக்கலாம்னு சொன்னேனே" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இருபத்தோராம் நாள் முட்டைகள் பொரிந்தன. பார்த்துப் பார்த்து முப்பதை எடுத்தாள். ஐப்பசி பிறந்துவிட்டிருந்தது, காலையிலிருந்தே கடல் பக்கம் கறுத்துக் கிடந்தது. பெட்டியும் ஓட்டையும் உமியும் தடுப்பும் போன தடவை போலவேதான். கேரியரில் போட ஆணியிலிருந்து தார்ப்பாயை எடுத்து மடித்துக் கொடுத்தவள் அம்மா. அதே நிறுத்தத்தில் அப்பா எங்களை இறக்கிவிட்டுப் போனார்.

அம்மா வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ரீசார்ஜ் பண்ணிட்டு வந்துடறேன். பொட்டி உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாள்.

அவள் போய் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, மழை பிடித்துக்கொண்டது. போன தடவை போலத் தூறல் இல்லை, பெரிய மழை. என் கை தானாகத் தார்ப்பாயை உதறிவிட்டது. ஒரு மூலையைச் செருகியும்விட்டேன். உள்ளே சத்தம் சற்று மங்கியது. அந்த மங்கலைக் கேட்டதும் சட்டென்று கையை எடுத்தேன். மூடினால் மூச்சு முட்டிச் சாகும். மூடாவிட்டால் அட்டை ஊறி, உமி நனைந்து, குளிரில் சாகும். பெட்டிக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து நின்றேன். தார்ப்பாயை இரண்டு கையாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்தேன். என் தலைதான் நடுக்கம்பம். முதுகுப் பக்கமாகத் தண்ணீர் ஓடி இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. பஸ் இந்தத் தடவை பார்த்துத் தாமதம். குடையோடு நின்ற ஒருவர், "ஏம்மா, இப்பிடிக் கஷ்டப்படறதுக்கு அதச் சுத்திக் கட்டிட வேண்டியதுதான?" என்றார்.

"மூச்சு முட்டும்ணா. ஒரு வாட்டி முட்டிடுச்சு."

அந்த வார்த்தையை அப்போதுதான் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொன்னேன், அதுவும் ஊர் பேர் தெரியாத ஒருவரிடம். சொன்னதும் வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையைக் கீழே இறக்குவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். காற்று தார்ப்பாயை இழுத்தது, நான் விடவில்லை. அவர் தன் குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

பஸ் வந்தது. அதே கண்டக்டர். "டிக்கில வேணாம்ணா, உள்ள வைங்க. ஜன்னல் ஓரமா வைங்க. மேல எதுவும் வெக்காதீங்க, மூடாதீங்க" என்று மூச்சு விடாமல் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பெட்டியைக் குழந்தையைப் போல வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். படியில் நின்று ரோட்டின் எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார். பிறகு விசில் கொடுத்தார். வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் போன பிறகு அம்மா வந்தாள். ரோட்டைத் தாண்டும்போது பட்ட நாலு துளியைத் தவிர அவள்மேல் ஈரமே இல்லை. முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். மண்டையே கழன்று வந்துவிடும் போல அழுத்தித் துவட்டினாள். "கை வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இரண்டு கையையும் பிடித்து, தோளிலிருந்து விரல்வரை நீவிவிட்டாள். பிறகு தார்ப்பாயை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆறரைக்குப் போன் வந்தது. டீச்சர் குரல் வெளியிலேயே கேட்டது. முப்பதும் வந்துசேர்ந்தன, வழியெல்லாம் கத்திக் கத்திப் பஸ்ஸில் ஒருத்தரையும் தூங்கவிடவில்லையாம், அடுத்த மாதத்துக்கு ஐம்பது வேண்டுமாம். அம்மா சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். அன்றைக்கு அப்பா கடையில் பரோட்டா வாங்கிவந்தார். தையில் அப்பா மட்டும் அளத்தில் இறங்கினார். அம்மா அதற்குப் பிறகு உப்புத் தண்ணீரில் கால் வைக்கவில்லை, அவளுடைய பத்து விரலும் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. நாகப்பட்டினம் வரைக்கும் அவள் பெட்டி போகிறது.

நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். போன மாதம் அவள் ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் அடுப்படியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசல் ஆணியில் தொங்கிய அந்தத் தார்ப்பாய் நினைவுக்கு வந்தது. மூடியில் எழுதியிருந்த போன் நம்பரைப் படிக்க, சீர்காழியில் கண்டக்டர் அதைக் கழற்றித்தானே இருக்க வேண்டும். வாரத்தில் நாலு நாள் எங்கள் ஊர் வழியாகப் போகிறவர், அதை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் ஆகும். கயிற்றில் இருந்த முடிச்சு யாருடையது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டாம் தடவை பெட்டி அனுப்புவதற்கு முந்தின நாள் சாயங்காலமே அப்பா ரீசார்ஜ் கார்டு வாங்கிவந்துவிட்டார். அம்மாவுக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியாது. கார்டை நகத்தால் சுரண்டி, பதினாறு நம்பரையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னது நான்தான். போனில் காசு ஏறிவிட்டது என்று மெசேஜ் வந்ததும் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். மறுநாள் அவ்வளவு மழையில், என்னையும் முப்பது குஞ்சுகளையும் தார்ப்பாயையும் ரோட்டோரம் விட்டுவிட்டு, அவள் எதை வாங்க அந்தக் கடையில் போய் நின்றாள் என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.